மொறிஸ் மைனரில பிறேக் ஒயில் குறையுது, நிலத்தில ஒரு சொட்டும் இல்லை

அராலிச்சில்லு:

வாகனம் மொறிஸ் மைனர் 1000, 1967, நாலு கதவு. பிறேக் எல்லாம் பழைய அமைப்புத்தான்: நாலு சில்லுக்கும் ட்றம், சேர்வோ (மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தாற பூஸ்ரர்) இல்லை, மாஸ்ரர் சிலிண்டர் (பெடலை மிதிக்க ஒயிலை லைனுக்குள்ள தள்ளிறது) ட்றைவரின்ர காலுக்குக் கீழை.

பத்து நாளைக்கு ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் விட வேண்டிக் கிடக்கு. முதல் மிதியில பெடல் பாதிக்குக் கீழ இறங்குது, உடன திருப்பி மிதிச்சால் மேல நிக்குது. அப்பிடியே அழுத்திப் பிடிச்சிருந்தால் மெல்ல மெல்ல இறங்குது. இரவில கீழை வெள்ளைப் பேப்பர் விரிச்சுப் பாத்தாச்சு, எஞ்சின் ஒயில் சொட்டு மட்டும்தான். சில்லுகளின்ர உள்பக்கம் வெளிய பாக்கக் காய்ஞ்சு கிடக்கு. பின் இடது ட்றமைக் கழட்டினால் உள்ளுக்குப் பிசுக்கு, அது பிறேக் ஒயிலோ வேற ஏதுமோ எண்டு தெரியேல்லை. பின் சிலிண்டர் ரெண்டுக்கும் போன வருசம் கப் (உள்ளுக்கிருக்கிற றப்பர் சீல்) மாத்தினது, சிலிண்டர் பழசு. ஊத்துறது டொட் 3 வகைப் பிறேக் ஒயில்.

எங்கையிருந்து தேடத் தொடங்கிறது? எல்லாத்தையும் பிரிச்சுப் போடாமல் இடத்தைப் பிடிக்க வழி இருக்கோ? அதுவரைக்கும் ரவுணுக்குப் போய்வர ஓடலாமோ?

செம்மண்:

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: ஓடாதேங்கோ. மைனரில பிறேக் லைன் ஒண்டுதான். பிந்தி வந்த காருகளில லைனை ரெண்டாப் பிரிச்சிருப்பினம், ஒண்டு போனாலும் மற்றது கொஞ்சமெண்டாலும் பிடிக்கும். இதில ஒரு இடத்தில விட்டால் நாலு சில்லும் ஒண்டாப் போகும். மிஞ்சுறது ஹாண்ட் பிறேக், அதுவும் கேபிளில பின் சில்லு ரெண்டுக்கும் மட்டும். யாழ்ப்பாணம் ஆரியகுளம் சந்தியில ஓட்டோ குறுக்க விட்டால் அது காணாது.

இனித் தேடுவம். முதல் ஒரு கணக்கு. ஒரு மில்லிலீற்றர் ஏறத்தாழ 20 சொட்டு. பத்து நாளில 100 எண்டால் நாளுக்கு 10 மில்லிலீற்றர், அதாவது 200 சொட்டு. 200 சொட்டு காத்தில போகாது. நிலத்திலயும் இல்லை எண்டால் எங்கயோ தேங்குது. மைனரில அப்பிடித் தேங்கக்கூடிய இடம் ரெண்டு: ட்றமுக்குள்ள, இல்லாட்டி மாஸ்ரர் சிலிண்டர் பூட்டியிருக்கிற செசிக் காலுக்குள்ள (காருக்கு அடியில நீளமா ஓடுற, உள்ளுக்கு வெறுமையான இரும்புச் சட்டம்). பைப்போ ஹோஸோ ஒழுகினால் பெரும்பாலும் உங்கட பேப்பரே காட்டிக் குடுத்திருக்கும்.

பெடல் சொல்லுறதையும் பிரிச்சு விளங்க வேணும். முதல் மிதியில இறங்கி ரெண்டாவதில ஏறுறது ட்றமை உள்ளுக்கிருந்து பிடிக்கிற ஷூவின்ர அட்ஜஸ்ற்மென்ட் லூசாக் கிடந்தாலும் வரும், லைனில காத்து நிண்டாலும் வரும். காத்து எண்டால் பெடல் பஞ்சு மாதிரி. லூஸ் எண்டால் இறங்கிற மட்டும் இறங்கிப் பிறகு கல்லு மாதிரி நிக்கும். அழுத்திப் பிடிச்சிருக்க மெல்ல இறங்குறது வேற விசயம்: அழுத்தம் எங்கயோ தப்புது. மட்டம் குறையாமல் இறங்கினால் மாஸ்ரர் சிலிண்டருக்குள்ள மெயின் கப் விடுது, ஒயில் முன்னுக்கிருந்து திரும்பத் தொட்டிக்கே போகுது, வெளிய ஒண்டும் தெரியாது. உங்களுக்கு மட்டமும் குறையுது. ஆனபடியால் வெளி ஒழுக்கு ஒண்டு நிச்சயம், மெயின் கப்பும் கூடப் போயிருக்கலாம்.

பின் ட்றமில இருக்கிற பிசுக்குக்கு ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணி போதும். துடைச்சு எடுத்ததை ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கோ. டொட் 3, டொட் 4 கிளைக்கோல் வகை, தண்ணியோட கரைஞ்சு காணாமல் போகும். கியர் ஒயில் எண்டால் மேல படையா மிதக்கும், கந்தக நாத்தமும் அடிக்கும். மிதந்தால் அது பிறேக் வேலை இல்லை, பின் ஹப்பின்ர ஒயில் சீலும் பேப்பர் கஸ்கெற்றும். டிஃபறென்ஷலில ஒயில் கூட விட்டிருந்தாலும் அப்பிடித்தான் வரும். அந்த ஒழுக்குக்கு வீல் சிலிண்டரை மாத்திப்போட்டு, ஏன் இன்னும் ஒழுகுது எண்டு நிக்கிற ஆக்கள் கனபேர்.

அடுத்தது மாஸ்ரர் சிலிண்டர். ட்றைவர் பக்கக் கம்பளத்தைத் தூக்கி, ஒயில் விடுற மூடிக்கு மேல இருக்கிற தகட்டின்ர ஸ்குறூக்களைக் கழட்டுங்கோ. மூடியைத் திறக்க முதல் சுத்திவர மண்ணைத் தூரிகையால தட்டித் துடைக்க வேணும், ஒரு மணல் உள்ளுக்கு விழுந்தால் புதுக் கப்பையும் அது கீறும். ரோச் அடிச்சு, புஷ் றொட் (பெடலில இருந்து வாற தள்ளு கம்பி) நுழையிற முனையில இருக்கிற றப்பர் பூட்டை விரலால ஒதுக்குங்கோ. உள்ளுக்கு ஒயில் தேங்கி நிண்டால் செக்கண்டரி கப் (பெடல் பக்கத்தால ஒயில் வெளிய வராமல் தடுக்கிறது) போச்சு. அங்கை விட்ட ஒயில் நேரா செசிக் காலுக்குள்ளதான் இறங்கும். வருசக்கணக்காச் சேந்த செம்மண்ணும் தூசியும் அதுக்குள்ள கிடக்கும், அது ஸ்பொஞ் மாதிரி உறிஞ்சி வைச்சிருக்கும். நிலத்தில சொட்டாமல் இருக்கிறதுக்குக் காரணம் அதுதான். செசிக் காலின்ர அடி ஓட்டையால கம்பியில வெள்ளைத் துணி சுத்தி விட்டு எடுத்து, அதையும் தண்ணிக் கிளாசில பிழிஞ்சு பாருங்கோ.

ரெண்டு இடத்திலயும் சந்தேகம் தீராட்டி, சீற்றுக்கும் பெடலுக்கும் இடையில ஒரு தடியை முட்டுக் குடுத்து, பெடலை அழுத்தின நிலையில 15 நிமிசம் விடுங்கோ. சாவியை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ, இல்லாட்டி பிறேக் லைற் எரிஞ்சுகொண்டு நிக்கும். அழுத்தம் இல்லாமல் காய்ஞ்சு கிடக்கிற கசிவு இந்தச் சோதனையில வெளிய வரும். ஆனால் இதுக்கு நேர் எதிரானதும் இருக்கு: வீல் சிலிண்டர் கப் சிலது பலமா மிதிக்கேக்க விரிஞ்சு இறுக்கிக்கொள்ளும், சும்மா நிக்கேக்கதான் கசியும். அதால இரவு முழுக்க மிதிக்காமல் விட்டும் ஒருக்காப் பாக்க வேணும்.

லேத்மூலை:

"கப் மாத்தினது, சிலிண்டர் பழசு" எண்ட இடத்திலதான் எனக்குக் கண். கப் எவ்வளவு புதுசா இருந்தாலும் அது உரசுற சுவர் சரியில்லாட்டி ஆறு மாசம் தாங்கிறதே பெரிய காரியம்.

கிளைக்கோல் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும். எங்கட குடாநாட்டில எந்த ஊரும் கடலுக்குத் தூரமில்லை, மழைக்காலத்தில ஈரத்துக்குக் குறைவும் இல்லை. அந்த ஈரம் சிலிண்டருக்குள்ள போய், கப் வழமையா நிக்கிற வளையத்தில இரும்பை அரிக்கும். ஊசி குத்தின மாதிரிப் புள்ளிகள் விழும். ஷூ தேயத் தேயப் பிஸ்ரன் வெளிய நகரும், கப் இன்னொரு இடத்தில ஓடும், ஒழுக்கு இராது. புது ஷூ போட்டவுடன அல்லது இறுக்கி அட்ஜஸ்ற் பண்ணினவுடன கப் திரும்ப அந்த அரிச்ச இடத்துக்குப் போகும், அண்டைக்கே ஒழுகத் தொடங்கும். அதால "ஷூ மாத்தினதாலதான் ஒழுகுது" எண்டு ஷூவில பழி போடுறது.

பாக்கிற விதம்: ட்றம் ஸ்குறூ ரெண்டையும் எடுத்து, அட்ஜஸ்ரரை லூசாக்கி ட்றமை இழுங்கோ. ஷூவில படிஞ்ச தூளை வாயாலயோ கொம்பிறசராலயோ ஊதாதேங்கோ. பழைய லைனிங்கில அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம், ஈரத் துணியால துடையுங்கோ. பிறகு வீல் சிலிண்டரின்ர தூசிக் கவரை நுனியில பிடிச்சு மெல்ல உரியுங்கோ. உள்ளுக்கு லேசா ஈரம் மினுங்கினால் பெரிய குற்றமில்லை. சொட்டு வழிஞ்சால் கப் விட்டுட்டுது. முன் சில்லு ஒவ்வொண்டிலயும் சிலிண்டர் ரெண்டு இருக்கு எண்டதை மறக்காதேங்கோ, மேல இருக்கிறதைப் பாத்திட்டுக் கீழ இருக்கிறதை விடுறது வழமை. மொத்தம் ஆறு சிலிண்டர். அந்த ரெண்டையும் இணைக்கிற சின்னப் பைப் பாக்கிங் பிளேற்றுக்குப் பின்னால ஓடும், அதின்ர ரெண்டு நட்டையும் தடவிப் பாருங்கோ. பின் சிலிண்டரில ஹாண்ட் பிறேக் லிவர் நுழையிற இடத்திலயும் ஒரு றப்பர் இருக்கு, அதையும் சேத்துப் பாருங்கோ.

கழட்டின சிலிண்டரை ஸ்பிரிட்டில கழுவித் துடைச்சு வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ. நிறம் மாறின கறை மட்டும் எண்டால் துவாரத்தை உள்ளுக்குத் தேய்க்கிற நைஸ் ஹோன் கல்லால நாலைஞ்சு சுத்து போதும். நகத்தை ஓட்டேக்க தடக்கினால் ஹோன் பண்ணி மினக்கெட வேண்டாம். அந்தக் குழி போகும் வரைக்கும் தேய்ச்சால் துவாரம் பெருத்திடும், கப் அதில வடிவா இருக்காது. ஒண்டில் புதுச் சிலிண்டர், இல்லாட்டி துவாரத்தைப் பெருப்பிச்சு ஸ்ரெயின்லெஸ் அல்லது பித்தளை ஸ்லீவ் (உள் குழாய்) இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவாறது. கப் அளவு பெரும்பாலும் அதின்ர முதுகிலயே வார்த்திருக்கும். 3/4 எண்டால் 19.05 மில்லிமீற்றர், 7/8 எண்டால் 22.2. கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து எடுப்பிக்கிறது எண்டால் பழையதை அனுப்புங்கோ, இல்லாட்டி அளந்து சொல்லுங்கோ. "மைனர் கப்" எண்டு மட்டும் சொன்னால் வேற வருசத்துச் சாமான்தான் வரும், 1962 கடைசியில முன் ட்றம் 7 அங்குலத்தில இருந்து 8 ஆச்சு.

இன்னொண்டு சொல்லாமல் விடக்கூடாது. போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில கார் மண்ணெண்ணெயில ஓடின ஊர் இது. எந்தச் சாமானையும் மண்ணெண்ணெயில கழுவிற பழக்கம் அதுக்கு முதலே இருந்தது, இப்பவும் விட்டுப்போகேல்லை. எஞ்சின் சாமானுக்கு நல்லது. பிறேக் றப்பருக்கு அது நஞ்சு. மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல், எஞ்சின் ஒயில், சாதாரண கிறீஸ் எதுவும் கப்பில படக்கூடாது. பட்டால் றப்பர் ஊதிப் பெருத்து, பிஸ்ரன் சிலிண்டருக்குள்ளயே இறுகிப்போகும். நாங்கள் அதுக்கு "பிறேக் ஒயில்" எண்டு பேர் வைச்சதே பிழை, அது எண்ணெய் இல்லை. அந்தப் பேரை நம்பி வேற ஒயில் விட்ட வாகனத்தில கப் மட்டும் மாத்திப் பிரயோசனமில்லை, ஹோஸ் உட்பட றப்பர் எல்லாம் மாத்த வேணும். கழுவ ஸ்பிரிட் அல்லது புதுப் பிறேக் ஒயில், பூட்டேக்க அதே பிறேக் ஒயில் அல்லது சிவப்பு றப்பர் கிறீஸ்.

ஏ60:

ஹோஸை கிளாம்ப் பண்ணிப் பிரிச்சுப் பாக்கிற முறையை ஒருதரும் சொல்லேல்லை. மைனரில ஹோஸ், அதாவது வளையிற றப்பர் குழாய், மூண்டு: முன்னுக்கு ரெண்டு, செசியில இருந்து பின் அக்ஸிலுக்கு ஒண்டு. மூண்டையும் ஹோஸ் கிளாம்பால இறுக்கி மிதியுங்கோ. பெடல் அப்பவும் இறங்கினால் குற்றம் மாஸ்ரர் சிலிண்டரிலயோ, கிளாம்புக்கு முன்னுக்கு உள்ள பைப்பிலயோதான். கல்லு மாதிரி நிண்டால் ஒவ்வொண்டா விட்டு விட்டு மிதியுங்கோ, எதை விடேக்க பெடல் இறங்குதோ அந்தப் பக்கம். பத்து நிமிச வேலை.

அப்பிடியே ஒயிலையும் டொட் 5 சிலிக்கனுக்கு மாத்தினால் ஈரத் தொல்லையும் போச்சு, பெயின்ரும் உரியாது.

செம்மண்:

கிளாம்ப் முறை நல்லது, புது ஹோசுக்கு. வயசு தெரியாத ஹோஸை நசிச்சால் உள் லைனிங் வெடிக்கும். பிறகு அது வால்வு மாதிரி ஒரு பக்கம் மட்டும் விடும், மிதிக்கப் பிடிச்ச சில்லு காலை எடுத்தாலும் விடாது. ஒழுக்கைத் தேடிப் போய் இறுகல் வாங்கின மாதிரி. குறட்டால நசிக்கிறதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். கிளாம்ப் பண்ணினால் பிறகு ஹோஸ் மூண்டையும் மாத்திறது எண்டு முடிவெடுத்துக்கொண்டு பண்ணுங்கோ. இல்லாட்டி மாஸ்ரர் சிலிண்டரில பைப்பைக் கழட்டி, அந்தத் துளையைச் சரியான மரையுள்ள பிளக்கால அடைச்சு மிதிச்சுப் பாருங்கோ. அதே பதில், ஒரு ஹோசும் பழுதாகாது.

டொட் 5 பற்றி: அது கிளைக்கோலோட கலக்காது. பழைய ஒயில் ஒரு சொட்டும் இல்லாமல் லைனைக் காயவைச்சு, றப்பர் எல்லாம் புதுசாப் போட்டு நிரப்பினால் சரி. பாதி மாத்தினால் ரெண்டும் பிரிஞ்சு நிண்டு, பெடலும் பஞ்சாகும். தண்ணியை உறிஞ்சாது எண்டதும் முழு நன்மை இல்லை, உள்ளுக்குப் போன தண்ணி கரையாமல் தாழ்வான இடத்தில குட்டையாக் கிடந்து அங்கையே துருப்பிடிக்கும். டொட் 5.1 எண்டது பேர்தான் கிட்ட, அது கிளைக்கோல் வகை. இதுக்கு டொட் 4 விடலாம், டொட் 3-ஓட கலந்தாலும் குற்றமில்லை.

ஏ60:

ஹோஸ் பழசெண்டால் நசிக்காதேங்கோ, ஒத்துக்கொள்ளுறன். சிலிக்கனில இன்னும் என்ர கட்சிதான்.

சேர்வோ உள்ள ஜப்பான் காருகள் வைச்சிருந்து இதை வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு வரி: வெளிய ஒழுக்கே இல்லாமல் ஒயில் குறைஞ்சால், மாஸ்ரர் சிலிண்டரை பூஸ்ரரோட பிடிக்கிற நட் ரெண்டையும் கழட்டி, பைப்பைக் கழட்டாமல் சிலிண்டரை ஒரு அங்குலம் முன்னுக்கு இழுத்து பூஸ்ரருக்குள்ள ரோச் அடியுங்கோ. பின் சீல் விட்டால் ஒயில் அதுக்குள்ள தேங்கும், வக்கூம் ஹோசால எஞ்சினுக்குள்ள போய் வெள்ளைப் புகையாவும் வரும். ஹைட்றோலிக் கிளட்ச் உள்ள காரில எந்தத் தொட்டி குறையுது எண்டும் முதல் பாருங்கோ. கிளட்ச் ஒழுக்கைப் பிறேக் ஒழுக்கெண்டு தேடுறவையும் உண்டு.

உவர்க்காற்று:

பைப்பையும் முழுக்க விட்டிடாதேங்கோ. நீங்கள் அராலி எண்டால் கடல் கிட்ட. பண்ணைப் பாலத்தாலயோ காரைநகர்ப் பாலத்தாலயோ ஓடுற வாகனத்துக்கு அடியில உப்புப் படியும், உவர்க் கிணத்துத் தண்ணியில அடி கழுவினால் இன்னும் மோசம். இரும்புப் பைப் நடுவில அழுகிறது குறைவு, கிளிப் பிடிச்ச இடத்திலதான் அழுகும். கிளிப்புக்கும் பைப்புக்கும் இடையில மண்ணும் ஈரமும் நிண்டு தின்னும். கிளிப்பைத் தூக்கிப் பாருங்கோ. பின் அக்ஸிலுக்கு மேல ஓடுற பைப்பை விரலால தடவுங்கோ. துரு செதில் செதிலா எழும்பினால் அது ஒழுகாட்டியும் மாத்த வேண்டிய சாமான்தான்.

மாத்திறது எண்டால் 3/16 அங்குலம், அதாவது 4.75 மில்லிமீற்றர் பிறேக் பைப். செப்பு நிக்கல் கலந்தது கிடைச்சால் அதை வாங்குங்கோ, கையால வளைக்கலாம், துருப்பிடிக்காது. ஏசி, ஃபிறிட்ஜ் வேலைக்கு விக்கிற செப்புக் குழாய் அதே தடிப்பில இருக்கும், விலையும் குறைவு, ஆனால் போடாதேங்கோ. அதிர்வில கடினமாகி ஒரு நாள் வெடிக்கும். வெடிச்ச பைப்பில பித்தளை வெல்டும் ஈய ஒட்டும் கூடாது.

ஒழுக்கு நட்டில எண்டால் ரெண்டு காரணம் பாருங்கோ. முதலாவது ஃபிளேர், அதாவது பைப் நுனியை விரிச்சு வைச்ச வடிவம். மைனர் வந்த காலத்து பிஎம்சி (மொறிஸ் கட்டின கொம்பனி) வாகனங்களில பைப் நுனி ரெண்டு மாதிரி இருக்கு: வெளி மரை உள்ள நட்டுக்கு நுனி குமிழ் மாதிரிக் குவிஞ்சு நிக்கும், உள் மரை நட்டுக்குப் புனல் மாதிரி மடிச்சு வரும். மாறிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும், இறுக்க இறுக்க இருக்கை பழுதாகும். ரெண்டாவது மரை. மைனரில 3/8 யூஎன்எஃப் எண்ட அங்குல வகை, அங்குலத்துக்கு 24 மரை. ஜப்பான் காருகளில 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் மரை. கண்ணுக்கு ஒண்டுதான். 3/8 நட் 10 மில்லிமீற்றர் துளைக்குள்ள லூசாப் போகும், கையுக்கு இறுகின மாதிரியும் இருக்கும், ஒரு நாள் சடாரெண்டு மிதிக்கேக்க உருவிக்கொண்டு வரும். 10 மில்லிமீற்றர் நட்டை 3/8 துளைக்குள்ள அடிச்சு ஏத்தினால் மரை போச்சு. முந்தி ஆரோ வேற வாகனத்துச் சிலிண்டர் போட்டு மாத்தின காரெண்டால் இதை நிச்சயம் பாருங்கோ.

முன் ஹோஸ் கழட்டேக்க முதல் பைப் நட், பிறகு பிராக்கெற் நட், கடைசியாத்தான் ஹோஸை சிலிண்டரில இருந்து சுத்தி எடுக்கிறது. அந்த முனையில ஒரு செப்பு வோஷர் இருக்கும், ஒவ்வொரு முறையும் புதுசு போடுங்கோ. கிடைக்காட்டி பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டால் திரும்ப மென்மையாகும், ரெண்டு முகத்தையும் நைஸ் எமறியில தேய்ச்சுப் பூட்டலாம்.

அராலிச்சில்லு:

எல்லாருக்கும் நன்றி. பாத்தது இவ்வளவு.

பின் இடது ட்றமின்ர பிசுக்கு தண்ணியில மிதக்குது, மணமும் கியர் ஒயில். ஆறு வீல் சிலிண்டரின்ர கவரையும் உரிச்சுப் பாத்தாச்சு, ஒண்டும் வழியேல்லை, பின் வலது மட்டும் லேசா ஈரம். பைப் கிளிப்புகளுக்குக் கீழ மேல்துரு மட்டும். செசிக் காலுக்குள்ள விட்ட துணி சொதசொதவெண்டு நனைஞ்சு வந்தது, தண்ணியில பிழிஞ்சால் மண் அடியில படிய மிச்சம் கரைஞ்சு போச்சு. மாஸ்ரர் சிலிண்டரின்ர றப்பர் பூட்டை ஒதுக்கினவுடன ஒயில் விரலில வழிஞ்சது.

இப்ப கேள்வி: சிலிண்டரைப் பிடிக்கிற போல்ட் ரெண்டும் செசிக் காலுக்குக் குறுக்கால போகுது, வெளிய இழுக்க ரோர்ஷன் பார் (முன் சஸ்பென்சனில ஸ்பிறிங்குக்குப் பதிலா முறுகி நிக்கிற நீளக் கம்பி) தடுக்குது. சஸ்பென்சனைக் கழட்டத்தான் வேணுமோ?

செம்மண்:

செக்கண்டரி கப். இனி வேலைதான்.

தூக்கிற விசயம் முதல். ஜக்கில மட்டும் நிக்கிற காருக்குக் கீழ போகாதேங்கோ. ஸ்ராண்ட் இல்லாட்டி அகலமான தடிச்ச மரக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமா அடுக்கலாம். சீமெந்துக் கல்லு வேண்டாம், பாரம் ஒரு புள்ளியில விழுந்தால் அது சொல்லாமல் பிளக்கும். கட்டை வைக்காமல் விட்ட சில்லுகளுக்கு முன்னும் பின்னும் தடை.

ரோர்ஷன் பார்: முறையாச் செய்யிறதெண்டால் அதின்ர இழுவையைக் குறைச்சு விலத்திப்போட்டு போல்டை எடுக்க வேணும். அந்தக் கம்பியில காரின்ர முன்பாரமே முறுகி நிக்குது, கீழ் ஆமுக்கு ஜக் குடுக்காமல் எந்த நட்டையும் தொடக்கூடாது. பழக்கம் இல்லாட்டி மற்ற வழி: நட்டைக் கழட்டி, போல்டை பாரில முட்டிற மட்டும் தள்ளி, வெளிய வந்த துண்டை வாளால அறுத்து, திரும்பத் தள்ளி மிச்சத்தையும் அறுத்து எடுக்கிறது. போல்ட் ரெண்டும் பலி, சஸ்பென்சனில கை வைக்கத் தேவையில்லை. வாள் பாரில படாமல் இடையில ஒரு தகடு வையுங்கோ, அதில விழுற கீறலில இருந்துதான் பிறகு வெடிப்பு வரும். புது போல்ட் அதே தடிப்பில ஹைரென்சைல் வாங்கி, மற்றப் பக்கத்தால ஏத்துங்கோ, நட் பார் பக்கம் வரட்டும். அடுத்த முறை கழட்டிறவன் உங்களை வாழ்த்துவான்.

சிலிண்டரை எடுக்க முதல் தொட்டியில இருக்கிறதை ஊசிக் குழாயால உறிஞ்சி எடுங்கோ. பெயின்ரில ஒரு சொட்டுப் பட்டாலும் உடன தண்ணி ஊத்திக் கழுவ வேணும், துடைக்கிறது காணாது. பைப் நட்டுக்கு ஃபிளேர் நட் ஸ்பனர் பாவியுங்கோ, சாதாரண ஸ்பனர் மூலையை உருட்டிப்போடும். இறுகியிருந்தால் துருவுக்கு விடுற ஒயிலை முதல் நாள் வெளியில மட்டும் பூசி விடுங்கோ, கழட்டினாப் பிறகு துடைச்சுச் சுத்தமாக்குங்கோ.

பிரிக்கேக்க ஒழுங்கைப் படம் எடுத்து வையுங்கோ: பூட், சேர்க்ளிப், தடுப்பு வோஷர், பிஸ்ரனும் அதில ஏறியிருக்கிற செக்கண்டரி கப்பும், மெல்லிய குழிஞ்ச வோஷர், மெயின் கப், ஸ்பிறிங், கடைசியில வால்வு. அந்த மெல்லிய வோஷரைப் பழைய கப்போட சேத்து எறியிறது பொதுவான பிழை. அது இல்லாட்டி மெயின் கப் பிஸ்ரனின்ர துளைகளுக்குள்ள இழுபட்டுக் கிழியும். கப் ரெண்டின்ர உதடும் அழுத்தம் வாற பக்கம் பாக்க வேணும். கப்பைச் சிலிண்டருக்குள்ள ஏத்தேக்க ஸ்குறூ டிறைவர் வேண்டாம், விரலால உதட்டை மடிச்சு விடுங்கோ.

தொட்டியில இருந்து சிலிண்டருக்கு இறங்கிற துளையள் ரெண்டில ஒண்டு மயிர் அளவு. மெல்லிய செப்புக் கம்பியால அது திறந்திருக்கோ எண்டு பாருங்கோ. அது அடைபட்டால் காலை எடுத்தாப் பிறகும் அழுத்தம் இறங்காது, கொஞ்சத் தூரம் ஓட ட்றம் சூடாகி நாலு சில்லும் பிடிச்சுக்கொள்ளும். புஷ் றொட்டைக் கூட நீட்டி வைச்சாலும் அதே கூத்துத்தான், பிஸ்ரன் முழுக்கத் திரும்பாமல் அந்தத் துளையை மூடிக்கொண்டு நிக்கும். றொட்டுக்கும் பிஸ்ரனுக்கும் நடுவில 1/32 அங்குலம், ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர் இடைவெளி இருக்க வேணும். பெடலைக் கையால அமத்தினால் அந்தச் சும்மா ஓட்டம் தெரியும். மூடியில இருக்கிற காத்து ஓட்டையும் திறந்திருக்கோ எண்டு பாருங்கோ.

சிலிண்டர் வெளிய இருக்கேக்கையே செசிக் காலுக்குள்ள கிடக்கிற மண்ணைச் சுரண்டித் தண்ணியால நல்லாக் கழுவிக் காயவிடுங்கோ. விட்டால் அடுத்த முறை ஒழுகுதோ இல்லையோ எண்டு ஒருக்காலும் தெரியாது, பழைய ஈரமே ஏமாத்தும்.

ஒயில் 500 மில்லிலீற்றர் போத்தல் ரெண்டு, சீல் உடைக்காதது. ஒரு லீற்றர் போத்தலை விட அது நல்லது, மிச்சம் திறக்காமல் கிடக்கும். திறந்து மாசக்கணக்கா அலுமாரியில நிண்டதைப் பிறேக்கில விடாதேங்கோ. காத்து எடுக்க முதல் நாலு சில்லு அட்ஜஸ்ரரையும் சில்லு பிடிக்கும் வரைக்கும் இறுக்கி, லேசா உரசிற அளவுக்குத் திருப்பி விடுங்கோ. ஷூ தூரத்தில நிண்டால் எவ்வளவு எடுத்தாலும் பெடல் ஏறாது. வலப்பக்க ஸ்ரியறிங் காருக்கு ஒழுங்கு: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில்லுக்குப் பின்னால இருக்கிற காத்து எடுக்கிற நிப்பிளில தெளிவான குழாய், மற்ற முனை ஒயில் உள்ள போத்தலுக்குள்ள தாண்டு இருக்கட்டும். ஒராள் மெல்ல மிதிக்க, மற்றாள் நிப்பிளைத் திறந்து, பெடல் கீழ போனவுடன மூட, அதுக்குப் பிறகுதான் கால் எடுக்கிறது. அவசரமாக் குத்தி மிதிச்சால் காத்து நுரையாப் போகும். அஞ்சாறு மிதிக்கு ஒருக்காத் தொட்டியைப் பாருங்கோ, வத்த விட்டால் முதல்ல இருந்து தொடங்க வேணும். முடிய மட்டம் மூடிக் கழுத்துக்கு அரை அங்குலம் கீழ.

கியர் ஒயில் ஊறின பின் ஷூ கழுவினால் சரிவராது, சூடாகேக்க உள்ளுக்கிருந்து திரும்ப வரும். சீலையும் கஸ்கெற்றையும் மாத்திப்போட்டு பின் ரெண்டு பக்கத்துக்கும் புது ஷூ. ஒரு பக்கம் மட்டும் மாத்தினால் இழுக்கும்.

லேத்மூலை:

மாஸ்ரர் சிலிண்டரையும் கிற் (புதுக் கப், சீல் எல்லாம் சேந்த தொகுதி) போட முதல் வெளிச்சத்துக்குப் பிடியுங்கோ, வீல் சிலிண்டருக்குச் சொன்ன அதே நகக் கணக்குத்தான். ஸ்லீவ் இறக்கிறதெண்டால் அந்த மயிர்த் துளையைத் திரும்பத் துளைச்சு, உள் விளிம்பில பிசிறு இல்லாமல் எடுக்கிற ஆளிட்டை மட்டும் குடுங்கோ. பிசிறு நிண்டால் புதுக் கப்பின்ர உதட்டை முதல் நாளே வெட்டும். பின் வலது சிலிண்டர் லேசா ஈரம் எண்டீங்கள். புது ஷூ போடப் பிஸ்ரன் உள்ளுக்குப் போகும், நான் முதல் சொன்னது நடக்கும். ட்றம் கழட்டியிருக்கேக்கையே அதையும் மாத்துங்கோ.

அராலிச்சில்லு:

முடிஞ்சுது. சிலிண்டர் துவாரம் சுத்தமா இருந்தது, கிற் மட்டும் போட்டது. செக்கண்டரி கப்பின்ர உதடு ஒரு பக்கம் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. போல்ட் அறுத்துத்தான் எடுத்தது. பின் ரெண்டுக்கும் புதுச் சிலிண்டர், புது ஷூ, ஹப் சீல். பெடல் மேலயே நிக்குது, முட்டுத் தடியோட இரவு முழுக்க விட்டும் இறங்கேல்லை, வளவுக்குள்ள ஒரு கிழமை ஓடியும் மட்டம் அப்பிடியே. ஒரு குறை: பிறேக் லைற் பலமா மிதிச்சால்தான் எரியுது. முந்தி லேசா மிதிக்க எரிஞ்சது.

செம்மண்:

பல்ப் இல்லை, ஸ்விச். மைனரில அது பெடலில இல்லை, பிறேக் லைனில முறுக்கியிருக்கிற அழுத்த ஸ்விச். சாவியைப் போட்டு, வயர் ரெண்டையும் கழட்டி ஒண்டோடொண்டு தொடுங்கோ, லைற் நல்லா எரிஞ்சால் ஸ்விச் போச்சு. வயர் பூட்டிற முனைகளையும் தடவிப் பாருங்கோ. உள் மென்தகடு விட்டால் ஒயில் அதாலயே கசியும், அதுவும் ஒரு ஒழுக்கு வாசல்தான். புதுசின்ர மரை நுனி ஒடுங்கி வரும், அந்த இறுக்கத்திலதான் அது அடைக்கும். தண்ணிக் குழாய்க்குச் சுத்திற வெள்ளை ரேப் சுத்தாதேங்கோ, துணுக்கு உள்ளுக்குப் போய் மயிர்த் துளையை அடைக்கும். மாத்தேக்க லைனுக்குள்ள கொஞ்சம் காத்து போகும், அதைத் திரும்ப எடுத்துவிட்டு ரோட்டுக்கு இறக்குங்கோ.